பெஸ்ஸோ: பழுப்பதா, சமைப்பதா, செரிப்பதா?

கேள்வியின் சுருக்கம் இது. ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியட்டை அகராதி வைத்துக்கொண்டு மூலத்திலேயே படிக்க முயலும் ஒருவர் நான்காம் காண்டத்தில் ஒரு வரியில் மாட்டிக்கொண்டார். கிரேக்க வீரன் அக்கிலீஸ் போருக்குப் போகாமல் கப்பல்களின் அருகே உட்கார்ந்து தன் கோபத்தை 'பெஸ்ஸெய்' செய்கிறான் என்கிறது அந்த வரி. அகராதியில் 'பெஸ்ஸோ' என்ற வினைக்குப் பழுக்கவை, சமை, செரி என்று மூன்று பொருள். கோபத்தை எப்படிச் சமைப்பது? மூன்றில் எது சரி? நம் பாகம், பக்குவம் ஆகிய சொற்களோடு இதற்கு உறவு உண்டு என்கிறார்களே, அது உண்மையா?

உறவு உண்மைதான். விடையும் அந்த உறவுக்குள்ளேயே இருக்கிறது. 'சமை' என்று அகராதி சொல்வதைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, 'வெப்பத்தால் ஒரு பொருளைப் பக்குவத்துக்குக் கொண்டுவருதல்' என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் அதைச் செய்தால் பழுப்பது. அடுப்பு செய்தால் சமைப்பது. வயிற்றின் சூடு செய்தால் செரிப்பது. கிரேக்கர்களுக்கு இவை மூன்று வேலைகள் அல்ல, ஒரே வேலை மூன்று இடங்களில் நடக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் கிடைக்காமல் மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடியிருக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. குழம்பு பக்குவம், மாம்பழம் பக்குவம், ஆள் பக்குவம் என்று நாம் தயங்காமல் சொல்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். 'நான் சமைக்கிறேன்' என்பதற்கான சாதாரணக் கிரேக்கச் சொல் பெஸ்ஸோ அல்ல. அன்றாடச் சமையலுக்கு அவர்களிடம் தனித்தனி வினைகள் இருந்தன. தண்ணீரில் வேகவைப்பது ஹெப்ஸோ. நெருப்பில் சுடுவது ஒப்டாவோ. தானியத்தை வறுப்பது ஃப்ரூகோ. வாணலியில் பொரிப்பது டேகனிஸோ. நாமும் இப்படித்தானே பேசுகிறோம். மீனைச் சுடுகிறோம், அப்பம் சுடுகிறோம், செங்கல்லும் சுடுகிறோம். ஒப்டாவோவும் இறைச்சிக்கும் ரொட்டிக்கும் செங்கல்லுக்கும் பொதுவான சொல். பாபிலோனின் மதில் கட்டப்பட்ட கதையைச் சொல்லும்போது வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் செங்கல் சூளைக்கு அதே வினையைத்தான் போடுகிறார். பொதுவாகச் சமையல் செய்வதற்கு 'மகெய்ரெயுவோ' என்ற வினையும் உண்டு. ஆடு வெட்டுபவன், பலி கொடுப்பவன், சமையற்காரன் மூவரையும் குறித்த 'மகெய்ரோஸ்' என்ற பெயரிலிருந்து வந்தது அது.

அப்படியானால் சமையலறையில் பெஸ்ஸோவுக்கு என்ன வேலை? பெரும்பாலும் மாவுப் பண்டம். ரொட்டி, அடை, பணியாரம் மாதிரியானவை. இந்த வினையிலிருந்து பிறந்த 'பெம்மா' என்றால் இனிப்பு அடை. 'போபனோன்' என்றால் தெய்வத்துக்குப் படைக்கும் அடை. நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 391 வாக்கில் எழுதிய ஒரு நாடகத்தில் ஏதென்ஸ் பெண்கள் ஆட்சியைக் கைப்பற்றத் திட்டம் போடுகிறார்கள். அவர்களின் தலைவி பிராக்ஸகோரா, பெண்கள் பழைய வழக்கத்தை விடாதவர்கள் என்று நிரூபிக்க ஒரு பட்டியல் சொல்கிறாள். உட்கார்ந்துகொண்டு தானியம் வறுக்கிறார்கள், முன்போலவே. அடை சுடுகிறார்கள், முன்போலவே. புருஷன்மாரைப் படுத்துகிறார்கள், முன்போலவே. அடை சுடுவதற்கு அவள் சொல்லும் வினைதான் இது, ஏதென்ஸ் வழக்கில் 'பெட்டோ'.

சொல்லின் நுணுக்கம் இன்னும் நன்றாகத் தெரியும் இடம் ஹெரோடோட்டஸின் எட்டாம் நூலில் வருகிறது. ஆர்கோஸிலிருந்து தப்பி ஓடிய மூன்று சகோதரர்கள் வட நாட்டில் லெபாயா என்ற ஊரின் அரசனிடம் கூலிக்கு வேலை பார்க்கிறார்கள். ஒருவன் குதிரை மேய்க்கிறான், ஒருவன் மாடு, கடைக்குட்டி பெர்டிக்கஸ் ஆடு. அந்தக் காலத்தில் அரசர்களும் ஏழைகள்தான் என்கிறார் ஹெரோடோட்டஸ். அதனால் அரசி தானே இவர்களுக்கு உணவு சமைத்துப் போடுகிறாள். அங்கே அவர் எழுதும் வினை பெஸ்ஸோ. அடுத்த வாக்கியத்திலேயே, ரொட்டி சுடப்படும் ஒவ்வொரு தடவையும் பெர்டிக்கஸின் ரொட்டி மட்டும் இரண்டு மடங்காக உப்பியது என்று சொல்லும்போது ஒப்டாவோவுக்கு மாறிவிடுகிறார். தானியத்தைத் தின்னத்தக்க உணவாக ஆக்கி முடிக்கும் மொத்த வேலை பெஸ்ஸோ. நெருப்பில் நடக்கும் அந்த ஒரு கட்டம் ஒப்டாவோ. இரண்டையும் 'சுட்டாள்' என்று மொழிபெயர்த்துவிட்டால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

கதையின் மீதியையும் சொல்லிவிடுகிறேன், விட மனசில்லை. ரொட்டி உப்பியதை அரசன் ஏதோ பெரிய விஷயத்துக்கான சகுனம் என்று நினைத்து மூவரையும் வெளியேறச் சொல்கிறான். அவர்கள் கூலி கேட்கிறார்கள். கூரையின் புகைபோக்கி வழியாக வெயில் தரையில் விழுந்துகொண்டிருக்கிறது. 'இதுதான் உங்கள் கூலி' என்று அரசன் அதைக் காட்டுகிறான். பெர்டிக்கஸ் கத்தியை எடுத்து அந்த வெயில் வட்டத்தைச் சுற்றிக் கோடு போட்டு, மூன்று முறை வெயிலை மடியில் அள்ளிக்கொண்டு கிளம்புகிறான். மாசிடோனிய அரச பரம்பரை அவனிடமிருந்து தொடங்குகிறது என்பது ஹெரோடோட்டஸ் கணக்கு.

சொல்லின் வயதுக்கு வருவோம். கிரேக்கத்தின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த களிமண் பலகைகள் ஏறக்குறைய கி.மு. 1200-ஐச் சேர்ந்தவை. லீனியர் பி என்ற எழுத்தில் எழுதப்பட்டவை. மைக்கேல் வென்ட்ரிஸ் 1952-ல் அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவை கிரேக்க மொழி என்றே உலகத்துக்குத் தெரிந்தது. அவற்றில் 'அ-தொ-பொ-கொ' என்று ஒரு தொழிலாளர் வகை வருகிறது. 'அர்தொ' என்றால் ரொட்டி. 'பொக்வோ' என்றால் ஆக்குபவர். ஆக, ரொட்டிக்காரர்கள். பிற்காலக் கிரேக்கத்தில் இதே சொல் ஒலிகள் இடம் மாறி 'அர்டோகோபோஸ்' ஆகிவிட்டது. நாம் குதிரையைக் குருதை என்று சொல்வதுபோல.

இந்த 'பொக்வோ'வில் ஒளிந்திருக்கும் க்வ என்ற ஒலிதான் முக்கியம். இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் இதன் வேர் 'பெக்வ்' என்று மொழியியலாளர்கள் மீட்டிருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அது 'பச்' ஆனது. பசதி என்றால் சமைக்கிறான், பக்வ என்றால் வெந்தது அல்லது பழுத்தது, பாக என்றால் சமையல். லத்தீனில் முதல் எழுத்தும் இரண்டாம் எழுத்தைப் பார்த்து மாறி 'கொக்வோ' ஆனது. ஐந்து என்பதற்கு சமஸ்கிருதத்தில் பஞ்ச, கிரேக்கத்தில் பெண்டெ, லத்தீனில் க்வின்க்வெ என்று வருகிறதல்லவா, அதே கதைதான். கிரேக்கத்தில் நிகழ்காலத்தில் வேரோடு ஒரு யகரம் ஒட்டிக்கொண்டதால் அயோனிய வழக்கில் பெஸ்ஸோ, ஏதென்ஸ் வழக்கில் பெட்டோ. எதிர்காலத்தில் அந்த யகரம் இல்லாததால் பழைய க்வ பகரமாகி 'பெப்ஸோ'. அந்த பெப்ஸோவைப் பார்த்துப் பின்னால் புதிதாக ஒரு நிகழ்காலம் செய்துகொண்டார்கள், அதுதான் 'பெப்டோ'. மூன்று வடிவங்களும் ஒரே சொல். அகராதியில் தேடும்போது பெஸ்ஸோவின் கீழ் தேடினால் எல்லாம் கிடைக்கும்.

தமிழில் நளபாகம், பாகசாலை, பக்குவம் எல்லாம் சமஸ்கிருதம் வழியாக வந்த இதே வேரின் கிளைகள். சைவ சித்தாந்தத்தில் மலபரிபாகம் என்கிறோமே, ஆணவ மலம் பழுத்து விலகும் நிலைக்கு வருவது, அதிலும் இருப்பது இந்தப் பாகம்தான். இன்னொரு வாசல் வழியாகவும் இந்த வேர் நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. லத்தீன் கொக்வோவிலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்டதில் குக்கர் உண்டு, இரண்டு முறை சுட்டது என்ற பொருளில் பிஸ்கட் உண்டு, கொதிக்கவைத்துச் சாறு இறக்கியது என்ற பொருளில் காபி டிகாஷன் உண்டு. பழம், பழுத்தல் என்பவற்றை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள். பகரத்தில் தொடங்குகிறது என்பதற்காகச் சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். பழு என்பது திராவிட வேர், இந்தக் குடும்பத்தில் அதற்கு இடமில்லை.

இப்போது ஹோமர். ஆச்சரியம் என்னவென்றால், ஹோமரிடம் பெஸ்ஸோ அடுப்பில் சமைப்பதைக் குறிக்கும் இடமே இல்லை. அவருடைய வீரர்கள் இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுடுகிறார்கள். அதற்கு ஒப்டாவோ. பெஸ்ஸோ வருவது வேறு இடங்களில். அவருடைய இன்னொரு காவியமான ஒடிஸியின் ஏழாம் காண்டத்தில் அல்கினோஸ் மன்னனின் தோட்டத்தில் மேல்காற்று ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கிறது. அது சில கனிகளை முளைக்கவைக்கிறது, சிலவற்றைப் பெஸ்ஸோ செய்கிறது. அங்கே பொருள் பழுக்கவைப்பது, சந்தேகமே இல்லை.

மற்ற இடங்களில் எல்லாம் அது மனிதனுக்குள் நடக்கிறது. இலியட்டின் முதல் காண்டத்தில் குறிசொல்லும் கல்காஸ் பயப்படுகிறான். சாமானியன்மேல் கோபப்படும் அரசன் அன்றைக்கு அந்தக் கோபத்தைச் செரித்துக்கொண்டாலும், உள்ளே வன்மத்தை வைத்திருந்து ஒருநாள் தீர்த்துக்கொள்வான் என்கிறான். 'காடா' என்ற முன்னொட்டோடு, முழுக்க உள்ளே இறக்கிச் செரிப்பது என்ற பொருளில் வருகிறது இங்கே. கோபத்துக்கு ஹோமர் சொல்லும் சொல் 'கொலோஸ்'. பித்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் இதே குடும்பம். ஆகவே செரித்தல் என்பது அலங்காரத்துக்குச் சேர்த்ததல்ல, உடம்பைப் பற்றிய பேச்சுதான். இரண்டாம் காண்டத்தில் தெர்ஸிடீஸ் என்ற வாயாடி படைவீரர்களைத் தூண்டிவிடுகிறான். நாம் ஊருக்குப் போய்விடுவோம், படைத்தலைவன் அகமெம்னன் இங்கேயே டிராயில் உட்கார்ந்து தன் பரிசுகளைச் செரித்துக்கொண்டு கிடக்கட்டும் என்கிறான். எட்டாம் காண்டத்தில் டிராய் வீரன் ஹெக்டர், தப்பி ஓடும் கிரேக்கர்களில் சிலர் வீட்டுக்குப் போயும் ஓர் அம்பைச் செரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறான். காயத்தோடு கிடந்து அனுபவிக்கட்டும் என்பது பொருள். குரூரமான நக்கல்.

எனக்குப் பிடித்த இடம் கடைசிக் காண்டத்தில் இருக்கிறது. மகன் ஹெக்டரின் பிணத்தைக் கேட்டு வந்த டிராய் மன்னன் பிரியாமிடம் அக்கிலீஸ் சாப்பிடச் சொல்கிறான். பன்னிரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த நியோபேகூட அழுது ஓய்ந்ததும் சாப்பாட்டை நினைத்தாள் என்கிறான். பிறகு, அவள் இப்போது சிபிலோஸ் மலையில் கல்லாக நின்று தெய்வங்கள் தந்த துயரங்களைப் பெஸ்ஸோ செய்கிறாள் என்று முடிக்கிறான். உணவு உண்டவள் என்று சொல்லி மூச்சு விடுவதற்குள் துயரத்தைச் செரிப்பவள் என்று வருவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. அதுவும் கல்லுக்கு ஏது செரிமானம்? செரித்து முடியவே முடியாது.

ஆகவே உங்கள் நான்காம் காண்ட வரியில் 'சமைக்கிறான்' வேண்டவே வேண்டாம். 'செரித்துக்கொண்டிருக்கிறான்' என்றாலும் கொஞ்சம் இடிக்கும். தமிழில் கோபத்தைச் செரித்துக்கொண்டான் என்றால் கோபம் தீர்ந்துவிட்டதாகத்தான் காதில் விழும். கல்காஸ் சொன்ன அரசனுக்கு அது பொருந்தும். இலக்கண வழக்கில் சொல்வதானால், அவன் விஷயத்தில் செயல் முடிந்துவிட்டது, அந்த நாளுக்காவது. அக்கிலீஸ் விஷயத்தில் முடியவில்லை, நிகழ்காலத்தில் தொடர்ந்துகொண்டே இருக்கிறது. 'கோபத்தை உள்ளே வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறான்' என்று நான் போடுவேன். புழுங்குதல் நெல்லுக்கும் உண்டு, மனசுக்கும் உண்டு. மெதுவான சூடு, மூடிய இடம், நேரம் என மூன்றும் அந்தச் சொல்லில் இருக்கின்றன.

ஹோமருக்கு அடுத்து இந்தச் சொல்லைக் கையில் எடுத்தவர்கள் மருத்துவர்கள். ஹிப்போக்ரடீஸ் பெயரில் கிடைக்கும் நூல்களில் நோய் என்பது பெரும்பாலும் உடம்பின் நீர்கள் பக்குவம் கெட்டுக் கிடப்பது. உடம்பின் சூடு அவற்றைப் பக்குவப்படுத்துவதுதான் 'பெப்ஸிஸ்'. பண்டைய மருத்துவம் பற்றிய நூல் ஒன்றில் ஜலதோஷத்தை உதாரணம் காட்டுகிறார்கள். முதலில் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகி எரிச்சல் கொடுக்கிறது. நாள் போகப்போக அது கெட்டியாகி, பெப்ஸிஸ் அடைந்து, எரிச்சல் அடங்குகிறது. சளி பழுத்துவிட்டது என்று நம் பாட்டிமார்கள் சொல்வதற்கும் இதற்கும் ஒரு இம்மிகூட வித்தியாசம் இல்லை. கட்டி பழுத்து உடைந்தது என்கிறோமே, அதையும் கிரேக்கர்கள் இதே சொல்லால் சொன்னார்கள். அவர்களின் மருத்துவச் சூத்திரம் ஒன்று, பழுத்ததற்குத்தான் பேதிமருந்து கொடுக்க வேண்டும், பச்சையாக இருப்பதைத் தொடக் கூடாது என்கிறது.

அந்தப் 'பச்சை'க்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் 'ஓமோஸ்'. சமஸ்கிருதத்தின் 'ஆம' என்பதும் இதுவும் கூடப்பிறந்தவை. நம் ஆயுர்வேத, சித்த வைத்தியர்கள் செரிக்காமல் தங்கியதை ஆமம் என்கிறார்கள். ஆமவாதம் என்று நோய்ப் பெயரே உண்டு. ஆயுர்வேதம் காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் ஆம நிலை, பக்வ நிலை என்று பிரித்து வைத்தியம் சொல்கிறது. ஆக இந்தியாவிலும் கிரேக்கத்திலும் ஒரே ஜோடிச் சொற்களை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே சிந்தனை. உடனே யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று கிளம்பிவிட வேண்டாம். சொற்கள் பொது மூதாதையிடமிருந்து வந்தவை. அடுப்பில் வேகும் பானையும் வயிற்றில் கிடக்கும் சோறும் ஒன்றுபோல் இருக்கிறது என்று நினைக்க எந்த ஊர்க்காரனுக்கும் இன்னொருவன் துணை வேண்டியதில்லை.

இந்த நினைப்பை ஒரு கோட்பாடாகவே ஆக்கியது, அரிஸ்டாட்டில் பெயரில் இருக்கும் வானிலையியல் நூலின் நான்காம் பாகம். அதை அவர்தான் எழுதினாரா என்ற வாதம் உண்டு, பெரும்பாலோர் அவர் என்றே கொள்கிறார்கள். அங்கே பெப்ஸிஸ் என்பதற்கு இலக்கணம் சொல்லப்படுகிறது. ஒரு பொருள் தனக்கே உரிய இயல்பான வெப்பத்தால், தன்னில் இருக்கும் ஈரத்தையும் வறட்சியையும் வென்று, முழுமைக்கு வருவது. அதில் மூன்று வகை. பழுப்பது பெபான்ஸிஸ். ஈர வெப்பத்தில் வேவது ஹெப்ஸேஸிஸ். உலர்ந்த வெப்பத்தில் சுடப்படுவது ஒப்டேஸிஸ். பக்குவம் தவறிப்போவதற்கு அபெப்ஸியா என்று பொதுப்பெயர், அதிலும் மூன்று வகை. பழுக்காத பச்சை ஓமோடேஸ். அரைவேக்காடு மோலுன்ஸிஸ். மேலே கருகி உள்ளே வேகாமல் நிற்பது ஸ்டாடெயுஸிஸ்.

ஒரு கனி எப்போது பழுத்தது என்பதற்கு அவர் கொடுக்கும் விடையைக் கவனியுங்கள். இனிப்பு வந்தபோது அல்ல, நிறம் மாறியபோதும் அல்ல. உள்ளே இருக்கும் விதை தன்னைப்போல் இன்னொன்றை உண்டாக்கும் நிலைக்கு வந்தபோது. அதாவது நாம் தின்பதற்குத் தயாரான நேரம் அல்ல, செடியின் நோக்கம் நிறைவேறும் நேரம்தான் கணக்கு. சீழும் சளியும் 'பழுப்பது' இந்தச் சொல்லை நீட்டிப் பேசுவதுதான் என்றும் அவரே குறித்துவைக்கிறார்.

சமையலறைக்குள்ளும் அவர் எட்டிப் பார்க்கிறார். சுட்ட இறைச்சியைவிட வேகவைத்த இறைச்சிதான் உலர்ந்தது என்கிறார். கேட்கத் தலைகீழாக இருக்கும். காரணமும் சொல்கிறார். வேகும்போது வெளியே இருக்கும் வெப்பம் உள்ளே இருப்பதை மிஞ்சி, உள்ஈரத்தை இழுத்து வெளியே தள்ளிவிடுகிறது. சுடும்போதோ மேல்பக்கம் முதலில் காய்ந்து துளைகள் அடைபடுவதால் ஈரம் உள்ளேயே சிறைப்படுகிறது. அதனால்தான் சுடுவது வேகவைப்பதைவிடக் கடினம், வெளியும் உள்ளும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை என்கிறார். கவனிப்பு பிரமாதம், விளக்கம் தவறு. மேலே முறுகவிட்டால் சாறு உள்ளே அடைபடும் என்ற நம்பிக்கையை 19-ம் நூற்றாண்டில் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் மறுபடி பரப்பினார். இன்றும் பல சமையல்காரர்கள் அதைச் சொல்கிறார்கள். முறுகிய மேல்தோல் சாற்றை அடைப்பதில்லை. ருசி கூடுகிறது, அவ்வளவுதான்.

அந்த நூலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. சுடுவதும் வேகவைப்பதும் மனிதன் செய்யும் கலை. ஆனால் அந்த நிகழ்வுகள் இயற்கையிலும் இருக்கின்றன. வயிற்றில் உணவு செரிப்பது வேவதைப் போன்றது, ஏனென்றால் அதுவும் ஈரத்தில் உடற்சூட்டால் நடக்கிறது. பாத்திரம் செயற்கையா இயற்கையா என்பதில் ஒன்றுமில்லை. கலை இயற்கையைப் பின்பற்றுகிறது என்ற வாக்கியத்தை ஓவியம், கவிதை சம்பந்தமாகவே கேட்டுப் பழகியிருப்போம். இங்கே அது ஒரு பானையைப் பற்றிய பேச்சில் வருகிறது. வயிறு அடுப்பைப் போன்றது என்று நாம் நினைப்போம். அவருக்கு அடுப்புதான் வயிற்றைப் போன்றது.

உயிரியல் நூல்களில் அவர் இந்தச் சொல்லை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போகிறார். உணவு பக்குவமாகி ரத்தம் ஆகிறது. ரத்தம் இன்னும் பக்குவமானால் தாய்ப்பால். ஆணிடம் கடைசிப் பக்குவம் வரை போனால் விந்து. பெண்ணின் உடம்பில் சூடு குறைவு, அந்தக் கடைசிப் பக்குவத்தை எட்ட முடியாது, ஆகவே பெண் ஒரு குறைபட்ட ஆண் என்று முடிவு கட்டிவிடுகிறார். அடுப்படிச் சொல் ஒன்று எங்கே போய் நின்றது பாருங்கள். இந்தக் கருத்து இரண்டாயிரம் வருஷம் ஐரோப்பிய மருத்துவத்தில் உட்கார்ந்திருந்தது. சொல்லின் வரலாற்றைப் பேசும்போது இதை நாசூக்காகத் தாண்டிப் போவது நியாயமல்ல.

எல்லாரும் அவரோடு ஒத்துப்போகவில்லை. அலெக்ஸாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த எராசிஸ்ட்ரடஸ், வயிறு உணவை அரைக்கிறது, சமைப்பதில்லை என்றார். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் கெல்ஸஸ் இந்தச் சண்டையை நாலே வரியில் தொகுத்துத் தருகிறார். எராசிஸ்ட்ரடஸ் கட்சிக்கு அரைபடுகிறது. பிளிஸ்டோனிகஸ் என்பவருக்கு அழுகுகிறது. ஹிப்போக்ரடீஸ் கட்சிக்குச் சூட்டில் சமைகிறது. அஸ்க்லேபியடீஸ் கட்சிக்கு இதெல்லாம் வீண்பேச்சு, உண்டது பச்சையாகவே உடம்பெங்கும் போகிறது. இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன் சமையல் கட்சியில் நின்று எராசிஸ்ட்ரடஸைக் கிழிகிழி என்று கிழித்தார். உடம்பின் இவ்வளவு குறைந்த சூட்டில் எப்படிச் சமையும் என்ற ஆட்சேபத்துக்கு, வயிற்றுக்கடியில் எட்னா எரிமலையின் நெருப்பையா வைக்க வேண்டும் என்று அவர் கிண்டல் செய்கிறார். லத்தீன்காரர்கள் பெப்ஸிஸை 'கொன்கொக்தியோ' என்று சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டார்கள். ஐரோப்பாவின் மருத்துவக் கல்லூரிகளில் அந்தச் சொல்தான் பிறகு பல நூற்றாண்டுகள் ஓடியது.

கதையை முடித்துவைத்தது 18-ம் நூற்றாண்டு. 1752-ல் பிரெஞ்சு அறிவியலாளர் ரெயோமூர் ஒரு பருந்தை உலோகக் குழாய்க்குள் இறைச்சி வைத்து விழுங்கவைத்தார். குழாய் நசுங்கவில்லை, இறைச்சி கரைந்துவிட்டது. அரைபடுகிறது என்ற கட்சி அதோடு காலி. இத்தாலிய ஆய்வாளர் ஸ்பல்லன்ஸானி இரைப்பைநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, உடற்சூடு கிடைப்பதற்காக அக்குளில் இடுக்கிவைத்துக்கொண்டு, வயிற்றுக்கு வெளியேயும் இறைச்சி கரைகிறதா என்று பார்த்தார். கரைந்தது. அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமன்ட், 1822-ல் குண்டடிபட்டு வயிற்றில் மூடாத ஓட்டையோடு பிழைத்த ஒருவரிடம் வருஷக்கணக்கில் சோதனை செய்து 1833-ல் முடிவுகளை வெளியிட்டார். மூன்று வருஷம் கழித்து, 1836-ல், தியோடோர் ஷ்வான் இரைப்பைநீரில் புரதத்தைக் கரைக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். சூடு துணைக்கு இருக்கிறது, உண்மையான வேலையைச் செய்வது இந்தப் பொருள். அதற்கு அவர் வைத்த பெயர் பெப்ஸின். செரிமானம் சமையல் அல்ல என்று உறுதிப்படுத்திய பொருளுக்கே சமையல்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. பெப்டைடு, பெப்டிக் அல்சர், செரியாமையைக் குறிக்கும் டிஸ்பெப்ஸியா எல்லாம் அந்த வரிசை. வட கரோலினாவின் நியூ பெர்ன் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த கேலப் பிராடம், தன் கடைப் பானத்துக்கு 1898-ல் பெப்சி கோலா என்று பெயர் வைத்தது டிஸ்பெப்ஸியாவை மனதில் வைத்துத்தான். குடித்தால் செரிக்கும் என்பது அவர் எண்ணம்.

'பெபோன்' பற்றியும் கேட்பீர்கள், ஏனென்றால் இலியட்டில் அடிக்கடி வரும். பழுத்தது, கனிந்தது என்பது பொருள். ஆளைக் கூப்பிடும்போது அன்பாகச் சொன்னால் 'கண்ணே' மாதிரி, திட்டிச் சொன்னால் 'கோழையே' மாதிரி. கனிந்தவன் என்பதும் கொழகொழத்தவன் என்பதும் பக்கத்து வீடுதானே. தெர்ஸிடீஸ் வீரர்களைத் திட்டுவது இதைச் சொல்லித்தான். ஒடிஸியில் குருடாக்கப்பட்ட ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் தன் ஆட்டுக்கடாவைத் தடவிக்கொண்டு கொஞ்சுவதும் இதைச் சொல்லித்தான். எந்தப் பொருள் என்பதை இடம்தான் சொல்லும். பிற்காலத்தில் பழுத்த பிறகே தின்னும் வெள்ளரி வகைக்கு இந்தப் பெயர் நிலைத்து, லத்தீனில் பெபோ ஆகி, பிரெஞ்சைச் சுற்றிக்கொண்டு ஆங்கிலத்தின் பம்ப்கின் ஆனது.

இன்றைய கிரேக்கத்தில் முலாம்பழத்துக்குப் பெபோனி என்று பெயர். பழைய வினை மட்டும் பேச்சிலிருந்து போய்விட்டது. சமைப்பதற்கு மகிரேவோ என்கிறார்கள். ஹெப்ஸோவிலிருந்து வந்த 'ப்ஸீனோ' தண்ணீரை உதறிவிட்டு இப்போது சுடுவதைக் குறிக்கிறது, காபி போடுவதற்கும் அதே சொல். செரிப்பதற்கு 'ஹோனேவோ', உலோகத்தை உருக்கி வார்ப்பதற்கு இருந்த பழைய சொல். ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் 'அவனை எனக்குச் செரிக்கவில்லை' என்று அந்த வினையைப் போட்டுத்தான் சொல்கிறார்கள். பெப்ஸிஸ் மருத்துவ எழுத்தில் மட்டும் பிழைத்திருக்கிறது. இன்றைய உச்சரிப்பில் அது 'பெப்ஸி'. ஏதென்ஸ் மருந்துக்கடையில் டப்பாவின் மேல் கிரேக்க எழுத்தில் அப்படி எழுதியிருந்தால் குளிர்பானம் என்று நினைத்துவிடாதீர்கள், செரிமான மாத்திரை.